பழைய தெருவைக் காக்க நான்கு வழிகள்: சங்கம் எதைத் தேர்ந்தெடுப்பது?

நகரத்தின் பழைய பகுதியில் இருக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கு வழக்கமான வேலையே தலைக்கு மேல் இருக்கும். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு, இரவுச் சத்தம், வண்டி நிறுத்தும் தகராறு என்று செயலாளரின் போன் ஓயாது. இதற்கு நடுவில் ஒருநாள் தெருமுனை வீட்டைச் சுற்றித் தகரம் அடிக்கிறார்கள். கொஞ்ச நாளில் நூறு வருஷத்து வீடு காலி மனையாகிவிடுகிறது. அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் எல்லோர் வாயிலும் ஒரே கேள்விதான்: இனி இன்னொன்று போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

அந்தக் கூட்டத்தில் பெரும்பாலும் நான்கு யோசனைகள் வரும். அரசிடம் மனு கொடுத்து மொத்தப் பகுதியையும் பாரம்பரியப் பகுதியாக அறிவிக்க வைப்போம் என்பார் ஒருவர். அரசு எதற்கு, நமக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடு போட்டுக்கொள்வோம் என்பார் இன்னொருவர். பணம் திரட்டி, ஆபத்தில் இருக்கும் வீட்டை நாமே வாங்கிவிடலாம் என்பது மூன்றாவது யோசனை. வருகிற கட்டட விண்ணப்பங்களை ஒவ்வொன்றாக எதிர்த்து நிற்போம் என்பது நான்காவது. நான்கும் உலகில் எங்கெங்கோ செய்து பார்க்கப்பட்டவை. நான்கிலும் ஜெயித்தவர்கள் உண்டு. ஆனால் ஒரு வழி காப்பதை இன்னொரு வழி காக்காது.

அதனால் வழியைப் பற்றிப் பேசுமுன், நம் தெருவிலிருந்து என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வீடுகள் இடிபடுகின்றனவா? இல்லை, வீடு அப்படியே நிற்க, கதவு, ஜன்னல், திண்ணை, மாடி விளிம்பு எனத் துண்டு துண்டாக மாறிக்கொண்டே போகிறதா? இல்லை, கட்டடமெல்லாம் பளபளவென்று இருக்க, அதில் வாழ்ந்தவர்கள்தான் கிளம்பிப் போகிறார்களா? மூன்றும் ஒரே தெருவில் நடக்கலாம். ஆனால் எது அதிகம் என்று பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்.

சட்டத்தின் கீழ் கொண்டுவருவது

பெரும்பாலான சங்கங்களுக்கு முதலில் தோன்றுவது இதுதான். தனிக் கட்டடத்தை விட்டுவிட்டு ஒரு முழுப் பகுதியையே சட்டத்தால் காக்கும் முறையை அமெரிக்காவில் முதலில் கொண்டுவந்த நகரம் சார்ல்ஸ்டன். அது 1931-ல். பழைய பகுதி ஒன்றுக்கு எல்லை வகுத்து, அதற்குள் வெளித்தோற்றத்தை மாற்றுவதற்கு ஒரு குழுவின் ஒப்புதல் வேண்டும் என்று ஆக்கினார்கள். பிரான்சில் 1962-ல், பழைய நகரப் பகுதிகளைக் காக்கும் மால்ரோ சட்டம் வந்தது. பிரிட்டனில் 1967-ல் சட்டம் வந்து, அதே ஆண்டில் ஸ்டாம்ஃபோர்டு நகரம் முதல் பாதுகாப்புப் பகுதியானது. இன்று இங்கிலாந்தில் மட்டும் அப்படிப்பட்ட பகுதிகள் சுமார் 10,000 இருக்கின்றன.

சங்கம் நடத்துகிறவர்கள் உற்றுப் பார்க்க வேண்டியது நியூயார்க்கின் புரூக்ளின் ஹைட்ஸை. அங்கே குடியிருப்போர் சங்கம் 1910-லேயே இருந்தது. 1958 வாக்கில், பகுதியைக் காக்க வேண்டும் என்று சிலர் கிளம்பியபோது, அதற்கான சட்டமே அந்த நகரத்தில் கிடையாது. அவர்கள் சும்மா இருக்கவில்லை. தெருத் தெருவாக ஆய்வு நடந்தது. எந்த வீடு எப்போது கட்டியது, எந்தப் பாணி, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். 1861-ல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்கு முந்தைய வீடுகள் மட்டும் அறுநூறுக்கு மேல் தேறின. 1963-ல் நியூயார்க்கிலேயே இருந்த பென்சில்வேனியா ரயில் நிலையம் என்ற பழைய கட்டடத்தை இடிக்க ஆரம்பித்ததும் நகரமே கொதித்தது. 1965-ல் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் நகரின் முதல் வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது புரூக்ளின் ஹைட்ஸ்தான். மற்ற பகுதிகள் காகிதம் தேட ஆரம்பித்த நேரத்தில் இவர்களிடம் பட்டியல் தயாராக இருந்தது. சட்டம் எப்போது வரும் என்பது சங்கத்தின் கையில் இல்லை. பட்டியல் போடுவது சங்கத்தின் கையில்தான் இருக்கிறது.

பொதுக்குழுவில் இதை முன்வைத்தால் வீட்டுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இனி ஆணி அடிக்கவும் அனுமதி வாங்கணுமா?" என்பதுதான். நியாயமான பயம். பொதுவாக இந்தச் சட்டங்கள் பார்ப்பது வெளிப்பக்கத்தைத்தான். நியூயார்க்கில் உட்புறத்துக்குத் தனி அறிவிப்பு வேண்டும். அதுவும் பொதுமக்கள் வந்துபோகும் இடங்களுக்கு மட்டுமே. சமையலறையை எப்படி மாற்றினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. இதைக் கூட்டத்துக்கு முன்பே ஒரு பக்கத்தில் எழுதி எல்லோர் வீட்டிலும் கொடுத்துவிடுவது நல்லது. கூட்டத்தில் வைத்து முதல்முறையாகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

சரி, சட்டம் வந்துவிட்டது. நிம்மதியாக இருக்கலாமா? இங்கேதான் பல சங்கங்கள் ஏமாறுகின்றன. பிரிட்டனின் 1967 சட்டம் வந்தபோது, பாதுகாப்புப் பகுதியில் இடிப்பைத் தடுக்கும் பொதுவான அதிகாரம் அதில் இல்லை. அது 1974-ல்தான் வந்தது. அறிவிப்புப் பலகை மாட்டுவதும் அதிகாரம் கிடைப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? சட்டத்தின் பெயரைப் பார்த்து மகிழ்வதற்கு முன்னால், "இதன்படி எதற்கெல்லாம் அனுமதி தேவை, மீறினால் என்ன ஆகும், யார் வந்து பார்ப்பார்கள்?" என்று மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

இடிப்பு நின்ற பிறகும் ஜன்னல் பிரச்சினை தீராது. பழைய தெருவின் முகத்தில் பாதி ஜன்னல்தான். மரச்சட்டம், அதில் மெல்லிய குறுக்குக் கம்புகள், கொஞ்சம் நெளிந்த பழைய கண்ணாடி. அதைக் கழற்றிவிட்டுத் தடித்த பிளாஸ்டிக் சட்டம் போட்டால் சுவரெல்லாம் அப்படியே இருந்தும் வீடு வேறு வீடாகிவிடுகிறது. இங்கிலாந்தில் பாதுகாப்புப் பகுதிக்குள்ளும் ஒரு குடும்பம் வாழும் சாதாரண வீட்டுக்கு இந்த மாற்றத்தைத் தனி அனுமதி இல்லாமல் செய்துவிட முடிகிற நிலைமை பரவலாக இருந்தது. ஃபிளாட்டாகப் பிரித்த வீட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைத் தடுக்க உள்ளாட்சி அமைப்பு நான்காம் பிரிவு ஆணை என்ற தனி ஆணையைப் போட வேண்டும். உடனே அமலுக்குக் கொண்டுவந்தால் வீட்டுக்காரர் இழப்பீடு கேட்க வழி உண்டு. அதனால் பெரும்பாலும் ஓராண்டு முன்னறிவிப்பு கொடுப்பார்கள். அந்த ஓராண்டில் யார் எந்தக் கடைக்கு ஓடுவார்கள் என்று யூகிப்பது கஷ்டமில்லை.

ஆக, இடிப்புக்குச் சட்டம் நல்ல மருந்து. துண்டு துண்டாக மாறுவதற்கு அரை மருந்து. ஆட்கள் போவதற்கு மருந்தே இல்லை. சில இடங்களில் அதுவே நோயைக் கூட்டியிருக்கிறது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

நமக்குள் ஒரு கட்டுப்பாடு

ஜப்பானில் சுமாகோ என்ற பழைய வழித்தட ஊர். ரயிலும் பெருஞ்சாலையும் வேறு பக்கம் போனதால் அது தேங்கிப்போயிருந்தது. 1968-ல் வீடுகளைப் பழையபடி சீரமைக்கும் வேலை தொடங்கியது. 1971-ல் ஊர்மக்கள் ஒரு சாசனம் ஏற்றுக்கொண்டார்கள். அதன் சாரம் மூன்றே சொல்: விற்காதே, வாடகைக்கு விடாதே, இடிக்காதே. முக்கியத் தெருவில் மின்கம்பிகள் கண்ணில் படாது. பகலில் கார் ஓடாது.

கவனிக்க வேண்டியது, இவ்வளவும் நடந்து முடிந்த பிறகே தேசியச் சட்டம் வந்தது என்பது. பழைய கட்டடத் தொகுதிகளைக் காக்கும்படி ஜப்பான் தன் சட்டத்தை 1975-ல்தான் திருத்தியது. அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட முதல் தொகுதிகளில் சுமாகோவும் ஒன்று. உடன்பாடு முன்னால், சட்டம் பின்னால். அதனால் அங்கே சட்டம் யார் தலையிலும் திணித்ததாக ஆகவில்லை.

ஆனால் இதை அப்படியே நகரத்துப் பழைய பகுதிக்கு எடுத்துவந்தால் நடக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை. சுமாகோவில் வீட்டுக்காரர்கள் அந்த வீட்டிலேயே வாழ்ந்தார்கள், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். நகரத்தில் பாதி வீட்டின் உரிமையாளர் வேறு ஊரில் இருப்பார்; சில வீட்டுக்கு ஏழெட்டு வாரிசுகள், அவர்களுக்குள் பேச்சு வார்த்தையே கிடையாது. இன்னும் சில ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். இவர்களிடம் கையெழுத்து வாங்குவது ஒருபுறம் இருக்கட்டும், வாங்கினாலும் வீடு கைமாறியதும் அந்தக் கையெழுத்துக்கு மதிப்பில்லை. வாய்மொழி உடன்பாடு வீட்டோடு போகாது, ஆளோடு போய்விடும். தவிர, "வாடகைக்கு விடாதே" என்ற விதி, வாடகைதாரர்கள் பாதிப்பேர் இருக்கும் தெருவில் அவர்களையே வெளியேற்றும் விதியாக மாறும்.

இந்த வழியில் நகரச் சங்கத்துக்கு உண்மையில் உதவுவது அதன் சின்ன வடிவம்தான். அதாவது, வீட்டில் கைவைக்குமுன் சங்கத்திடம் ஒரு வார்த்தை சொல்லும் பழக்கம். பழைய செங்கல் சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். அது சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. ஈரம் உள்ளே போனாலும் சாந்து வழியாக வெளியே வந்துவிடும். யாரோ ஒரு மேஸ்திரி "கெட்டியா இருக்கும் சார்" என்று அதன்மேல் சிமென்ட் பூசிவிடுகிறார். ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்குகிறது, உப்பு பூக்கிறது, சில வருஷத்தில் செங்கல்லின் முகம் பொடிந்து உதிர்கிறது. வீட்டுக்காரர் இரண்டாம் முறை செலவு செய்கிறார், வீடு மூன்றாம் முறை தாங்காது. இதைத் தடுக்கச் சட்டம் தேவையில்லை. சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களின் பட்டியல் சங்கத்திடம் இருந்தால் போதும். துண்டு துண்டாக உருமாறும் தெருவுக்கு, அதிகாரியின் நோட்டீஸை விட இந்தப் பட்டியல் அதிகம் செய்யும் என்பது என் கணிப்பு.

வாங்கிக் காப்பது

இது வசதி படைத்தவர்களின் வேலை என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். முழுக்க அப்படியில்லை. அமெரிக்காவின் சவானா நகரத்தில் 1954-ல் பழைய சந்தைக் கட்டடத்தை இடித்து வாகன நிறுத்தம் கட்டினார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு வாகன நிறுத்தத்துக்காக டேவன்போர்ட் வீடும் போக இருந்தது. ஏழு பெண்கள் சேர்ந்து 22,500 டாலர் திரட்டி அதை வாங்கினார்கள். அதிலிருந்து பிறந்த அறக்கட்டளை பின்னால் கையாண்டது சுழல்நிதி முறை. ஆபத்தில் இருக்கும் வீட்டை வாங்கு, அல்லது குறிப்பிட்ட காலத்துக்குள் வாங்கும் உரிமையை மட்டும் வாங்கு. இடிக்கக்கூடாது, முகப்பை மாற்றக்கூடாது என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே ஏற்று. பிறகு சீரமைக்கத் தயாராக இருப்பவருக்கு விற்றுவிடு. பணம் திரும்பி வரும், அடுத்த வீட்டுக்குப் போகும். இப்படி 400-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் பிழைத்திருக்கின்றன.

இதன் பலம் எங்கே என்றால், நிபந்தனை பத்திரத்தில் ஏறிவிடுகிறது. ஆட்சி மாறினாலும் ஆள் மாறினாலும் அது வீட்டோடு போகும். வாய்மொழி உடன்பாட்டின் ஓட்டையை இது அடைக்கிறது. ஆனால் இப்படி எழுதும் நிபந்தனை அடுத்தடுத்து வாங்குகிறவரையும் கட்டுப்படுத்துமா என்பது ஒவ்வொரு நாட்டுச் சொத்துச் சட்டத்தையும் பொறுத்தது. முதல் ரூபாய் வசூலிக்குமுன் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டிய விஷயம் இது.

பலவீனமும் உண்டு. சார்ல்ஸ்டனில் ஆன்சன்பரோ என்ற பகுதியில் 1950-களின் கடைசியில் இதே முறையில் அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகளை மீட்டார்கள். வீடுகள் அழகாயின. அதில் வாடகைக்கு இருந்த ஏழைகள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், வெளியே போனார்கள். சவானாவிலேயே இதைக் கண்டு 1974-ல் லீ ஆட்லர் என்பவர் வேறு மாதிரி ஒரு முயற்சி தொடங்கினார்: விக்டோரியா காலத்து வீடுகளை வாங்கிச் சீரமைத்து, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கே வாடகைக்கு விடுவது. முறை ஒன்றுதான், நோக்கம் வேறு. வாங்கும் சங்கம் யாருக்கு விற்கப்போகிறோம் என்பதை வாங்கும் முன்பே தீர்மானிக்காவிட்டால், அதைச் சந்தை தீர்மானித்துவிடும்.

எதிர்த்து நிற்பது

நீளமாகச் சொல்ல இதில் அதிகமில்லை. எந்தச் சங்கமும் இதைச் செய்யாமல் இருக்க முடியாது. லண்டனின் காவன்ட் கார்டனில் 1968-ல் பெரும்பகுதியை இடித்துச் சாலையும் உயரக் கட்டடங்களும் கொண்டுவரத் திட்டம் போட்டார்கள். 1971-ல் அங்கே குடியிருப்போர் சங்கம் உருவானது. பொது விசாரணையில் வாதாடினார்கள், தெருவில் இறங்கினார்கள். 1973-ல் அமைச்சர் சுமார் 250 கட்டடங்களைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்ததும் திட்டம் செல்லாக்காசாகிவிட்டது. ஒரு பெரிய திட்டம், ஒரே எதிரி, தெளிவான ஒரு தேதி: எதிர்ப்புக்கு ஏற்ற களம் அது. ஒவ்வொரு மாதமும் ஒரு வீடு என்று வருகிற தெருவில் இதே முறை சங்கத்தைச் சோர்ந்துபோகச் செய்யும். மூன்றாவது ஆட்சேபணை மனு எழுதும்போதே கையெழுத்துப் போட ஆள் குறைந்துவிடும். தவிர, காவன்ட் கார்டன் ஜெயித்ததும் கூடப் பட்டியலில் சேர்த்ததால்தான், அதாவது கடைசியில் முதல் வழியால்தான்.

ஆட்கள் போகும் தெரு

கட்டடம் காத்து மனிதரை இழந்த பகுதிகள் உலகில் நிறைய. மால்ரோ சட்டம் பாரிஸின் மாரே பகுதியை மீட்டது; அங்கிருந்த பட்டறைகளும் எளிய குடும்பங்களும் பெரும்பாலும் தங்கவில்லை. நமக்கு இன்னும் பக்கத்து உதாரணம் பினாங்கின் ஜார்ஜ் டவுன். போருக்கு முந்தைய வீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது மலேசியாவின் 1966 சட்டம். அதை நீக்கியது 2000-ன் தொடக்கத்தில் அமலானது. வாடகை ஏறியது, தலைமுறைகளாகக் கடையும் வீடுமாக இருந்தவர்கள் பலர் கிளம்பினார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னம் என்ற பெயர் வந்தபோது கட்டடங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது. போனவர்கள் போனவர்கள்தான்.

இதற்கு விடை காண முயன்ற நகரம் இத்தாலியின் போலோன்யா. 1973-ல் அங்கே பொது வீட்டுவசதிக்கான நிதியைப் பழைய நகரத்து வீடுகளைச் சீரமைக்கத் திருப்பினார்கள். முதலில் வீடுகளை அரசே எடுத்துக்கொள்ளும் யோசனை இருந்தது. சிறு உரிமையாளர்கள் எதிர்க்கவே அதைக் கைவிட்டார்கள். பதிலுக்கு ஒப்பந்த முறை வந்தது. சீரமைக்க உதவித்தொகை கிடைக்கும். வாங்கிக்கொண்டால் வாடகையை வரம்புக்குள் வைக்க வேண்டும், வேலை நடக்கும்போது வெளியேறிய குடியிருப்பவரைத் திரும்ப ஏற்க வேண்டும். ஒரு சங்கம் தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை இது. ஆனால் நகர நிர்வாகத்திடம் என்ன கேட்கலாம் என்பதற்கு நல்ல மாதிரி. "காப்பாற்றுங்கள்" என்று மனு எழுதும் சங்கத்தை விட, "இந்த நிபந்தனையோடு இந்த உதவியைக் கொடுங்கள்" என்று எழுதும் சங்கத்துக்குப் பதில் வர வாய்ப்பு அதிகம்.

எனக்குப் படுவது

வீடுகள் இடிபடும் பகுதியென்றால் சட்ட வழிதான், தயங்க வேண்டாம். ஆனால் மனுவுக்கு முன்னால் வீடுவீடான பட்டியல். ஒரு தாளில் கதவு எண், சுமாரான வயது, கூரை வகை, ஜன்னல் பழையதா புதியதா, உரிமையாளர் உள்ளே இருக்கிறாரா வெளியூரா, வாடகைதாரர் எத்தனை குடும்பம். எதிரே நின்று எடுத்த ஒரு புகைப்படம். இதற்குக் கட்டடக்கலை படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையான இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்துவிடலாம். அந்தத் தாளின் கடைசி இரண்டு கட்டங்களே எந்த வழி பொருந்தும் என்று பாதி சொல்லிவிடும். உரிமையாளர்கள் பெரும்பாலும் உள்ளேயே இருந்தால் உடன்பாட்டில் தொடங்கலாம், சட்டம் பின்னால் வரட்டும். வெளியூர் உரிமையாளர்களும் வாரிசுச் சொத்துகளும் அதிகமென்றால் உடன்பாட்டில் காலத்தை வீணாக்காமல் நேரே சட்டத்துக்குப் போக வேண்டும். வாங்குவதை ஒன்றிரண்டு வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். அது விழுந்தால் தெருவே விழுந்த மாதிரி என்று எல்லோரும் ஒத்துக்கொள்ளும் மூலை வீட்டுக்கு.

பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமுன் சங்க விதிகளை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பல சங்கங்களில் ஓட்டுரிமை வீட்டு உரிமையாளருக்கு மட்டும்தான் இருக்கும். வரலாற்று நகரங்களைக் காப்பது பற்றி 1987-ல் வந்த வாஷிங்டன் சாசனம், குடியிருப்பவர்களின் பங்கேற்பு இல்லாமல் இந்த வேலை வெற்றிபெறாது என்கிறது. அது உரிமையாளர்களை மட்டும் சொல்லவில்லை. வாடகைதாரருக்கு ஓட்டு இல்லையென்றால், முதலில் அந்த விதியைத் திருத்தும் தீர்மானம், அதன் பிறகு மற்றது.